கப்பல்காரன் விற்கிற ஷட்டில் பஸ்: இருபது யூரோ கொடுக்கத்தான் வேண்டுமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மத்தியதரைக் கடலில் ஓடுகிற குரூஸ் கப்பல்களில் "துறைமுகத்தில் இருந்து நகர மையத்துக்கு" என்று ஒரு ஷட்டில் பஸ் விற்கிறார்களே, என்னைக் கேட்டால் அதற்கு ஐந்துக்கு இரண்டுதான். பஸ் நல்ல பஸ். ஏசி இருக்கிறது, சீற் சுத்தமாக இருக்கிறது, நேரத்துக்கு வெளிக்கிடுகிறது. எனக்குக் குறை அதன் விலையிலும் அதை விற்கிற விதத்திலும்தான்.

எங்கள் பக்கத்தில் இருந்தும் இப்போது ஆட்கள் இந்தக் கப்பல்களில் போய் வருகிறார்கள் என்பதால்தான் இதை எழுதுகிறேன். பிள்ளைகள் சுவிஸிலோ பிரான்சிலோ இருப்பார்கள், அம்மா அப்பாவை விசிட் விசாவில் கூப்பிட்டு, அறுபதாவது பிறந்தநாள் எழுபதாவது பிறந்தநாள் என்று ஒரு சாட்டு வைத்துக் கப்பலில் ஏற்றிவிடுவார்கள். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். அண்ணா சூரிச்சில் இருக்கிறார். நானும் அம்மாவும் பரந்தனில் இருந்து போனோம். பார்சிலோனாவில் ஏறி மார்சேய், லிவோர்னோ, சிவிதாவெக்கியா, நாப்போலி, மோல்டா என்று சுற்றி மறுபடியும் பார்சிலோனா. எல்லாமே செங்கன் நாடுகள், அதனால் விசாவில் கரைச்சல் இல்லை. கப்பல் கம்பனியின் பெயரை எழுதவில்லை. வேறு கப்பல்களில் போன சொந்தக்காரரிடம் விசாரித்தேன், எல்லாரும் கிட்டத்தட்ட ஒரே மாதிரித்தான் விற்கிறார்கள்.

விலை ஆளுக்கு 20 யூரோ, போக வர. சின்னப் பிள்ளைக்கும் அதே காசு. அண்ணா, அண்ணி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா, நான் என்று ஆறு பேருக்கு 120 யூரோ, எங்கள் காசில் நாற்பதாயிரம் ரூபாய்க்கு மேல், அதுவும் ஒரேயொரு துறைமுகத்துக்கு. ஒரு ஆளின் 20 யூரோவில் கிளிநொச்சியில் இருந்து கொழும்புக்குப் பஸ்ஸில் போய்த் திரும்பி வந்தாலும் கையில் மிச்சம் இருக்கும்.

முதல் நாள் பின்னேரமே தொடங்கிவிடுவார்கள். அறையில் ரிவியைப் போட்டால் அதே விளம்பரம், போனில் கப்பலின் அப்பைத் திறந்தால் "நாளைய இடங்கள் முடியப் போகின்றன". அப்புறம் மண்டபத்தில் ஒருவர் மைக்கைப் பிடித்துக்கொண்டு மூன்று விஷயம் சொல்வார்: நகரம் தூரம், டாக்சிக்காரர் ஏமாற்றுவார்கள், பிந்தினால் கப்பல் நிற்காது. மூன்றிலும் உண்மை இருக்கிறது, அதனால்தான் சனம் பயந்து வாங்குகிறது. அண்ணாவும் போனை எடுத்துவிட்டார்.

"அண்ணா, கப்பல் ரிக்கெட்டுக்கே அவ்வளவு காசு குடுத்தாச்சு. பேந்து உந்த பஸ்ஸுக்கும் குடுக்கோணுமே?"

"அம்மாவை வைச்சுக்கொண்டு அலைய ஏலுமே? காசைப் பாக்காதை, விடு."

அம்மா அப்போதுதான் வாயைத் திறந்தா. "நான் தட்டிவானிலையும் ட்ரக்ரர் பெட்டியிலையும் போய் வந்த ஆள். என்னைச் சாட்டி ஒருத்தரும் காசைக் கரைக்க வேண்டாம்."

அதோடு விஷயம் முடிந்தது.

"நகரம் தூரம்" என்று அவர்கள் சொல்வதை இரண்டாகப் பிரித்துப் பார்க்க வேண்டும். கப்பல் கட்டியிருக்கிற இடத்தில் இருந்து துறைமுக வாசல் வரை ஒரு துண்டு, வாசலில் இருந்து ஊர் வரை இன்னொரு துண்டு. கஷ்டமானது முதல் துண்டுதான். கொள்கலன் லொறிகளும் பாரந்தூக்கிகளும் ஓடுகிற இடம், பல துறைமுகங்களில் அதற்குள் நடக்கவே விடமாட்டார்கள். ஆனால் அந்தத் துண்டுக்குப் பல இடங்களில் துறைமுகமே பஸ் விடுகிறது, சில இடத்தில் இலவசம், சில இடத்தில் சில யூரோ. வாசலுக்கு வெளியே வந்துவிட்டால் நீங்களும் அந்த ஊர்ச் சனத்தில் ஒரு ஆள், அவர்கள் ஏறுகிற பஸ்ஸில் ஏறி அவர்கள் கொடுக்கிற காசைக் கொடுத்துவிட்டுப் போகலாம். கப்பல்காரன் இந்த இரண்டு துண்டையும் ஒட்டி ஒரே ரிக்கெட்டாக விற்கிறான். முதல் துண்டு சும்மா கிடைக்கிறது என்று மைக் பிடித்தவர் மருந்துக்கும் சொல்லவில்லை.

இதற்கு நல்ல உதாரணம் சிவிதாவெக்கியா, ரோமுக்கான துறைமுகம். ரோமுக்கான துறைமுகம் என்றுதான் பெயரே தவிர ரோம் அங்கே இல்லை, பரந்தனில் இருந்து வவுனியா போகிற அளவு தூரம் போக வேண்டும். அதனால் அங்கே கப்பல்காரன் 20 யூரோவோடு நிற்கவில்லை. வழிகாட்டி இல்லாமல், வெறுமனே ரோமில் கொண்டுபோய் விட்டுப் பின்னேரம் ஏற்றி வருகிற பஸ்ஸுக்கு ஆளுக்கு 70 யூரோ கேட்டான். ஆறு பேருக்கு 420 யூரோ. அண்ணாவுக்கே அந்தக் கணக்கைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

நாங்கள் போன விதம் இது. கப்பலை விட்டு இறங்கினால் கீழேயே துறைமுகத்தின் இலவச பஸ் நிற்கும். அது லார்கோ டெல்லா பாச்சே என்ற இடத்தில், துறைமுகத்துக்கு வெளியே கொண்டுபோய் விடும். அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு ஊர் பஸ் இருக்கிறது, ஓரிரு யூரோதான். நடக்கவும் நடக்கலாம், பழைய கோட்டையைத் தாண்டிக் கடற்கரையோரமாகவே போகிற பாதை, மேடு பள்ளம் இல்லை, ஆறுதலாக நடந்தால் இருபது இருபத்தைந்து நிமிடம். காலையில் வெயில் ஏறமுன் நடந்தது நல்லதாகப் போயிற்று. அம்மா வழியில் நின்று மீன்பிடிக்கிற ஒரு கிழவனின் வாளியை எட்டிப் பார்த்து "இதெல்லாம் ஒரு மீனே" என்றா. முல்லைத்தீவில் பிறந்து வளர்ந்தவ, அவவுக்கு எந்தக் கடலில் எந்த மீனைக் காட்டினாலும் சின்னன்தான்.

நிலையத்தில் ரோமுக்குப் போகிற பிராந்திய ரயில் மணிக்கு ஒன்றிரண்டு வரும். ஒருவழி ரிக்கெட் ஐந்து யூரோ அளவு. ஆனால் பிர்க் என்று ஒரு நாள் ரிக்கெட் இருக்கிறது, 12 யூரோ அளவு, அதில் போக வர ரயிலும் அடக்கம், ரோமுக்குள் ஓடுகிற மெட்ரோவும் பஸ்ஸும் அடக்கம். நாங்கள் அதைத்தான் எடுத்தோம். கடதாசி ரிக்கெட் என்றால் ரயிலில் ஏறமுன் மேடையில் இருக்கிற சின்னப் பெட்டிக்குள் விட்டு நேரம் அடிக்க வேண்டும், மறந்தால் ரிக்கெட் இருந்தும் தண்டம் கட்ட வேண்டி வரும். எங்கள் பெட்டியில் ஒரு வெள்ளைக்காரச் சோடி அப்படித்தான் மாட்டியது. பரிசோதகர் கத்தவில்லை, சிரித்துக்கொண்டே துண்டை எழுதிக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

எல்லாரும் ரோமின் பெரிய ரயில் நிலையமான டெர்மினி வரைக்கும் போவார்கள். வத்திக்கான் பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் அதற்கு முதலே ரோமா சான் பியேத்ரோ நிலையத்தில் இறங்கிவிடுங்கள். துறைமுக ஊரில் இருந்து முக்கால் மணித்தியாலம் அளவு. நிலையத்தில் இருந்து பார்த்தாலே புனித பேதுரு ஆலயத்தின் குவிமாடம் தெரியும், அதைப் பார்த்துக்கொண்டு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சதுக்கம் வந்துவிடும். கொலோசியம் என்றால் ஒஸ்தியென்சே நிலையத்தில் இறங்கி, பக்கத்தில் பிரமீதே மெட்ரோவில் ஏறி, கொலோசேயோவில் இறங்க வேண்டியதுதான். கப்பல்காரனின் பஸ்ஸில் போனவர்கள் காலை நெரிசலில் மாட்டி எங்களுக்குப் பிறகுதான் வந்து சேர்ந்தார்கள். எங்களுக்கு அடுத்த மேசையில் சாப்பிடுகிற ஜெர்மன்காரக் குடும்பம் அன்று இரவு முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு சொன்ன கதை அது.

இத்தாலியில் ஒன்றைக் கட்டாயம் பார்க்க வேண்டும், வேலைநிறுத்தம். ரயில்காரர்கள் அடிக்கடி செய்வார்கள், ஆனால் முன்கூட்டியே அறிவித்துவிட்டுத்தான் செய்வார்கள். வேலை நாளில் வேலைநிறுத்தம் என்றாலும் காலை ஆறு முதல் ஒன்பது வரையும் பின்னேரம் ஆறு முதல் ஒன்பது வரையும் குறிப்பிட்ட ரயில்கள் ஓடியே ஆக வேண்டும் என்பது அங்கே சட்டம். ஆனால் பின்னேரம் ஆறரைக்கு வெளிக்கிடுகிற கப்பலுக்கு அந்தப் பின்னேர ரயில்கள் உதவாது. அப்படி ஒரு நாள் உங்களுக்கு வாய்த்தால் கப்பல்காரனின் பஸ்ஸையே எடுங்கள், அல்லது ரோமை விட்டுவிட்டு அந்த ஊரையே சுற்றிப் பாருங்கள்.

லிவோர்னோவில் மட்டும் ஷட்டிலை நான் குறை சொல்ல மாட்டேன். பிசா கோபுரத்துக்கும் புளோரன்சுக்கும் போகிறவர்கள் இறங்குகிற துறைமுகம் அது. சரக்குத் துறைமுகம், உள்ளே நடக்க அனுமதி இல்லை, ஏதாவது ஒரு பஸ்ஸில்தான் வெளியே வர வேண்டும். ஆனால் அங்கேயும் கீழே இறங்கி, நிற்கிற பஸ் யாருடையது என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். துறைமுகம் ஒழுங்கு செய்த பஸ்ஸுக்கும் கப்பல் விற்ற ரிக்கெட்டுக்கும் விலையில் நல்ல வித்தியாசம், இரண்டும் போய் நிற்பது ஊர் நடுவில் இருக்கிற பியாத்சா கிராந்தே சதுக்கத்துப் பக்கம்தான். அங்கிருந்து ஊர் பஸ்ஸில் ரயில் நிலையம், ரயிலில் பிசாவுக்கு இருபது நிமிடத்துக்குள் போய்விடலாம். புளோரன்ஸ் என்றால் ஒன்றரை மணித்தியாலம் எடுக்கும், வயதானவர்களோடு ஒரே நாளில் இரண்டையும் பார்க்க ஓடாதீர்கள். நாங்கள் பிசாவோடு நின்றோம். கோபுரத்தைக் கையால் தாங்கிப் பிடிக்கிற மாதிரி எல்லாரும் படம் எடுப்பார்களே, அண்ணாவின் சின்னவன் அதை எடுத்து முடிக்கவே ஒரு மணித்தியாலம் போய்விட்டது.

மார்சேயில் கப்பல் நிற்கிற இடம் ஊரின் வடக்கே, பழைய துறைமுகத்தில் இருந்து எட்டுக் கிலோமீற்றர் அளவு. இங்கேதான் 20 யூரோ ஷட்டில் நன்றாக விலைபோனது. நிலத்தில் பாதசாரிகளுக்குக் கீறியிருக்கிற கோட்டைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தால் வெளியே 35 ஆம் இலக்க பஸ் வரும், அது ஊருக்குள் ஜோலியெத் என்ற இடத்துக்குக் கொண்டுபோய் விடும். ரிக்கெட் இரண்டு யூரோ அளவு. ஜோலியெத்தில் மெட்ரோவும் இருக்கிறது, இல்லையென்றால் பழைய துறைமுகம் வரை நடந்தே போகலாம். குறை என்னவென்றால் வாசலுக்குப் போகிற நடையில் நிழலே இல்லை, அன்று காற்று வேறு மண்ணை அள்ளி முகத்தில் அடித்தது, அண்ணி வழி முழுக்க என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. முழங்கால் வருத்தம் உள்ளவர்கள் இந்த நடையை யோசித்துத்தான் செய்ய வேண்டும். பழைய துறைமுகத்தில் இருந்து மலைக்கு மேலே இருக்கிற மாதா கோயிலுக்கு 60 ஆம் இலக்க பஸ் ஏறும், அந்த ஏற்றத்தை நடந்து ஏற நினைக்க வேண்டாம். மடுமாதாவுக்கு நேர்த்தி வைத்துப் போகிறவ எங்கள் அம்மா, அங்கே மேலே கூரையில் இருந்து கயிற்றில் தொங்குகிற சின்னச் சின்னக் கப்பல் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் இருந்தா. கடலுக்குப் போனவர்களின் குடும்பங்கள் நேர்த்திக்கு வைத்தவை.

நாப்போலியில் ஷட்டிலே விற்கவில்லை, விற்கவும் முடியாது. கப்பல் நிற்பதே ஊரின் நடுவில், வாசலைக் கடந்தால் கண்ணுக்கு முன்னால் கோட்டை. வாசலில் நிற்கிற டாக்சிக்காரர்கள் மட்டும் "பொம்பேய், பொம்பேய்" என்று கையைப் பிடித்து இழுக்காத குறை. பியாத்சா முனிச்சிப்பியோவில் மெட்ரோ இருக்கிறது, அதில் கரிபால்டி, அங்கிருந்து சொரெந்தோ போகிற சின்ன ரயில். பொம்பேய் ஸ்காவி நிலையத்தில் இறங்கினால் கி.பி. 79 இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த நகரத்தின் வாசல் எதிரிலேயே இருக்கிறது. ரயில் பழசு, ஏசியை எதிர்பார்க்காதீர்கள், நெரிசல், பொக்கற்றடிப்பவர்களும் ஏறுவார்கள். சங்கிலி, காப்பு எல்லாவற்றையும் கப்பல் அறைப் பெட்டகத்தில் பூட்டி வையுங்கள். எங்கள் ஆட்களுக்கு இதைத் தனியாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் வெளிநாட்டுப் பயணம் என்றால்தான் நகையெல்லாம் வெளியே வரும்.

மோல்டாவில் வல்லெட்டா நகரம் ஒரு பெரிய மதிலுக்கு மேலே, கப்பல் மதிலுக்குக் கீழே. பார்த்தால் மலைப்பாக இருக்கும், ஷட்டில்காரனும் அதைக் காட்டித்தான் விற்றான். ஆனால் கரையோரமாகக் கொஞ்சம் நடந்தால் பாரக்கா லிஃப்ட் இருக்கிறது. 1905 இல் அந்த இடத்தில் முதல் லிஃப்ட் போட்டார்களாம், அது 1973 இல் நின்றுபோக, இப்போதிருக்கிற புதியது 2012 இல் வந்தது. 58 மீற்றர் உயரத்தை ஒரு நிமிடத்துக்குள் ஏற்றி மேலே தோட்டத்தில் விடுகிறது. ஒரு யூரோ. அம்மாவுக்கு முழுப் பயணத்திலும் பிடித்தது ரோமும் இல்லை, கப்பல் சாப்பாடும் இல்லை, அந்த லிஃப்ட்தான். திரும்பி வரும்போதும் அதில்தான் இறங்க வேண்டும் என்று நின்றுவிட்டா.

பார்சிலோனாவில் மதியமே ஏறிவிட்டதால் பெட்டிகளை அறையில் வைத்துவிட்டு மறுபடியும் இறங்கி ஊரைப் பார்த்தோம். தூரத்து மேடைகளில் இருந்து கொலம்பஸ் சிலை வரைக்கும் போர்ட்பஸ் என்று ஒரு நீல பஸ் ஓடுகிறது, போக வர ஐந்து யூரோவுக்குள். ஊர் மெட்ரோ அட்டை அதில் செல்லாது, தனியாக வாங்க வேண்டும். சிலையடியில் இறங்கினால் ரம்ப்ளா தெரு அங்கேயே தொடங்குகிறது. இதைவிட லேசான துறைமுகம் இல்லை.

லண்டனில் இருக்கிற மச்சாள் கிரீஸ் பக்கம் போனவ. ஏதென்சுக்கான பிரேயஸ் துறைமுகத்தில் 2022 இல் இருந்து நீலக் கோட்டு மெட்ரோவும் வந்துவிட்டதால் இப்போது மிகச் சுகம் என்று சொன்னா. 1.20 யூரோ ரிக்கெட்டில் ஒன்றரை மணித்தியாலம் பயணம் செய்யலாம், மொனாஸ்திராக்கியில் இறங்கினால் அக்ரோபோலிஸ் அடிவாரம். அவ போன கப்பலிலும் அதே தூரத்துக்கு 20 யூரோதானாம்.

அப்படியென்றால் ஷட்டிலை யார்தான் வாங்குவது? சக்கர நாற்காலியோடு வருகிறவர்கள் வாங்கலாம், ஆனால் அந்த பஸ்ஸில் நாற்காலி ஏற்றும் வசதி இருக்கிறதா என்று முதலே கேட்டுவிட்டு. கைக்குழந்தையோடு, மழை நாளில், தூரத்துத் துறைமுகத்தில் என்றால் நானே வாங்குவேன். தனி ஆளாக, மொழி தெரியாமல், போனில் இன்டர்நெட்டும் இல்லாமல் போகிறவருக்கு அந்த 20 யூரோ மனநிம்மதிக்கான காசு, அதை நான் பிழை சொல்லவில்லை. ஆறு பேர் குடும்பத்துக்குத்தான் அது பகற்கொள்ளை. நான்கைந்து பேர் என்றால் வாசலுக்கு வெளியே விலை பேசிப் பிடிக்கிற டாக்சிகூட ஷட்டிலைவிட மலிவாக வரும்.

"கப்பல் நிற்காது" என்று பயமுறுத்துவதற்கும் ஒரு வார்த்தை. அது உண்மைதான், தனியாகப் போய்ப் பிந்தினால் உங்களை விட்டுவிட்டுப் போய்விடும், அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில்தான் வந்து சேர வேண்டும். கப்பல்காரனின் சுற்றுலாவிலேயே போயிருந்தால் காத்திருப்பார்கள். ஆனால் வெறும் ஷட்டில் ரிக்கெட் என்பது சுற்றுலா இல்லை. கடைசி ஷட்டிலைத் தவறவிட்டவரும் எங்களைப் போலத்தான் ஓடி வர வேண்டும், அதை விற்கும்போது சொல்வதில்லை. எல்லாரும் ஏற வேண்டிய நேரம் என்று ஒன்று போடுவார்கள், கப்பல் வெளிக்கிடுவதற்கு அரை மணி ஒரு மணி முதலே. ரோமில் இருந்து நாங்கள் அந்த நேரத்துக்கு இரண்டு மணித்தியாலம் முந்தி வந்து சேருகிற ரயிலில் ஏறினோம், அதற்குப் பிறகும் கையில் இன்னொரு ரயில் மிச்சம் இருந்தது. கப்பலின் நேரமும் கரையின் நேரமும் ஒன்றா என்று இறங்கும்போதே கேட்டுவிடுங்கள், சில பயணங்களில் ஒரு மணித்தியாலம் வித்தியாசம் வரும்.

இலங்கை சிம் அங்கே ரோமிங்கில் காசைக் குடிக்கும், கப்பலின் வைஃபை அதைவிட மோசம். ஊரிலேயே இருந்து அந்தந்த நகரத்தின் வரைபடத்தைப் போனில் இறக்கி வைத்துக்கொண்டு போங்கள். கப்பல் அட்டை இல்லாமல் துறைமுக வாசலில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள், அதைக் கழுத்தில் மாட்டிக்கொள்ளுங்கள். கொஞ்சம் சில்லறை யூரோவும் தேவை, அங்கே கழிப்பறைக்கும் காசு.

புதுக்குடியிருப்பில் இருந்து தெரிந்த குடும்பம் ஒன்று அடுத்ததாகப் போகிறது, அவர்களின் கப்பல் லிவோர்னோவுக்குப் பதிலாக ல ஸ்பேசியாவில் நிற்கும் என்று கேட்டிருந்தார்கள். அங்கே துறைமுகத்துக்குள் ஓடுகிற இலவச பஸ் வாசலில் விடும், ரயில் நிலையம் ஊருக்குள்ளால் நடந்தால் இருபது முப்பது நிமிடம், கடைசித் துண்டு கொஞ்சம் ஏற்றம். பிசாவுக்கு ரயிலில் ஒரு மணித்தியாலம் அளவு. கடலோரப் பாறையில் இருக்கிற, சிங்குவே தெர்ரே என்கிற ஐந்து கிராமங்களைப் பார்க்கப் போவதானால் எதிர்ப்பக்க ரயில், முதல் கிராமம் பத்து நிமிடத்துக்குள் வந்துவிடும். கோடையில் அந்த ரயில்களில் நிற்கவும் இடமிருக்காது, ஒன்பது மணிக்கு முதல் ஏறிவிடுங்கள்.